மேஸ்திரி என்றொரு குடும்பப் பெயர்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்திலும் அதைச் சுற்றியுள்ள நேட்டால் பகுதியிலும் 'மேஸ்திரி' என்று ஒரு குடும்பப் பெயர் உண்டு. நாயுடு, பிள்ளை, ரெட்டி, செட்டி, படையாச்சி என்று நம் பக்கத்துப் பட்டங்கள் அங்கே ஏராளமான வீடுகளுக்குக் குடும்பப் பெயர்களாக இருக்கின்றன. உச்சரிப்புதான் கொஞ்சம் மாறியிருக்கும். கவுண்டர் அங்கே கோவெண்டர், முதலி அங்கே மூட்லி. இந்தக் கூட்டத்தின் நடுவே அபூர்வமாகத் தலைகாட்டும் பெயர் மேஸ்திரி. அந்தப் பெயருள்ளவர்களில் கல்லூரிப் பேராசிரியர் உண்டு. அவருக்கும் செங்கல் சிமெண்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

நம் அம்பத்தூரில் காலை எட்டு மணிக்கு ஏதாவது ஒரு தெருமுனையில் நின்று "மேஸ்திரி!" என்று கூப்பிட்டால் நான்கு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஆனால் ஆவடி, பூந்தமல்லி வரைக்கும் தேடினாலும் ரேஷன் அட்டையில் மேஸ்திரி என்று குடும்பப் பெயர் போட்ட ஒருவரை நான் பார்த்ததில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் அரசு அலுவலகத்தில் பெயர்ப் பதிவேடுகளோடு குடித்தனம் நடத்தியவன் என்பதால் கொஞ்சம் துணிந்தே இதைச் சொல்கிறேன். ஒரே சொல், கடலுக்கு அந்தப் பக்கம் பரம்பரைப் பெயர். இந்தப் பக்கம் கூப்பிடும் சொல். இது ஏன் என்பதைத்தான் இன்றைக்கு எழுதப்போகிறேன்.

முதலில் சொல்லின் ஜாதகத்தைப் பார்த்துவிடலாம். 'மேஸ்திரி' தமிழ்ச் சொல் அல்ல. போர்ச்சுகீசியர்களின் 'மெஸ்த்ரெ' என்ற சொல்தான் நம் வாயில் மேஸ்திரி ஆனது. கைத்தொழிலில் தேர்ந்தவர், தலையாள் என்று அதற்குப் பொருள். 1520-களில் சாந்தோமில் வந்து குடியேறியவர்கள் அவர்கள். நம் வீட்டுக்குள்ளே எத்தனை சொற்களை விட்டுப் போனார்கள் என்று பாருங்கள்: ஜன்னல், சாவி, அலமாரி, மேஜை, வராந்தா, குசினி, துவாலை, கோப்பை, பொத்தான். ஜன்னலுக்கும் அலமாரிக்கும் சொல் கொடுத்தவர்கள், அவற்றை வைத்து வீடு கட்டுகிறவருக்கும் ஒரு சொல்லைக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அந்த மெஸ்த்ரெவுக்கு அம்மா, லத்தீனில் 'மாகிஸ்தெர்'. அதன் பிள்ளைகள் ஐரோப்பா முழுக்கப் பரவியிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் மாஸ்டர், அதுவே தேய்ந்து மிஸ்டர். ஜெர்மனியில் மைஸ்டர். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அங்கே 'மேத்ர்' என்ற சொல்லைக் கேட்காமல் ஒரு நாள் போகாது. வகுப்பில் வாத்தியார் மேத்ர். கோர்ட்டில் வக்கீலும் மேத்ர். புதுச்சேரியின் பெரிய வக்கீல்களை மரியாதையாக 'மேத்ர்' சேர்த்துத்தான் அழைப்பார்கள். கோட்டு போட்ட மேத்ரும் சுண்ணாம்புக் கையோடு நிற்கும் மேஸ்திரியும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். டர்பனில் ஒருவரை "மிஸ்டர் மேஸ்திரி" என்று அழைத்தால், ஒரே சொல்லை இரண்டு தரம் சொல்கிறோம் என்று பொருள்.

அந்தக் குடும்பத்தில் இத்தாலியக் கிளை ஒன்று இருக்கிறது. தொழிற்பெயர் எப்படிக் குடும்பப் பெயராகிறது என்பதை அந்தக் கிளையில்தான் தெளிவாகப் பார்க்கலாம்.

இத்தாலியில் கொத்தனார், தச்சர், செருப்புத் தைப்பவர் போன்ற கைவினைஞர்களைப் பெயருக்கு முன் 'மாஸ்த்ரோ' சேர்த்து அழைப்பது வழக்கம். பினோக்கியோ கதையில் வரும் தச்சருக்குக்கூட மாஸ்த்ரோ அந்தோனியோ என்றுதான் பெயர். இத்தாலியின் தென்பகுதியில் இந்த மாஸ்த்ரோ ஆளின் பெயரோடு ஒட்டிக்கொண்டு, அப்படியே பிள்ளைகளுக்கும் இறங்கிவிட்டது. மாஸ்த்ரோ பியெத்ரோவின் வம்சம் மாஸ்த்ரோபியெத்ரோ. மாஸ்த்ரோ ஆஞ்செலோவின் வம்சம் மாஸ்த்ராஞ்செலோ. யான்னி என்பது அந்தப் பக்கத்தில் ஜான் என்ற பெயரின் வடிவம். யான்னி மேஸ்திரியின் வம்சம் மாஸ்த்ரோயான்னி. நம் வயதுக்காரர்களில் ஃபிலிம் சொசைட்டிப் படங்கள் பார்த்தவர்களுக்கு மார்ச்செல்லோ மாஸ்த்ரோயான்னியை நினைவிருக்கும். ஃபெல்லினியின் 1960-ஆம் வருஷப் படத்தில் நடித்து உலகப் புகழ் பெற்றவர். அந்த அழகனின் பெயரைத் தமிழில் பெயர்த்தால் 'யோவான் மேஸ்திரி வீட்டுப் பிள்ளை' என்று வரும். அவர் அப்பா நிஜமாகவே தச்சுப் பட்டறை வைத்திருந்தார்.

மாஸ்த்ரோ என்பது மரியாதைதான். ஆனால் அதற்கும் ஒரு எல்லை உண்டு. வெர்கா என்ற இத்தாலிய எழுத்தாளர் 1889-இல் ஒரு நாவல் வெளியிட்டார். சிசிலித் தீவில் கொத்தனாராக இருந்து பெரும் பணக்காரரான ஜெஸுவால்தோ என்பவரின் கதை. கனவான்களுக்கு அங்கே 'தோன்' என்று பட்டம். ஊரார் இவரை முழுசாகத் தோன் என்றும் அழைக்கவில்லை, பழைய மாஸ்த்ரோவையும் விடவில்லை. 'மாஸ்த்ரோ-தோன்' என்று இரண்டையும் சேர்த்துக் கூப்பிட்டார்கள். நாவலின் தலைப்பே அதுதான். பணம் எவ்வளவு சேர்த்தாலும் உன் கையில் ஒட்டியிருந்த சுண்ணாம்பு எங்களுக்கு நினைவிருக்கிறது என்று அந்தப் பட்டத்திலேயே ஊரார் சொல்லிவிட்டார்கள். இந்த வித்தை நம் ஊருக்கும் தெரியாததில்லை.

ஒருவரை அழைத்த சொல் எப்படி வம்சத்தின் பெயராக நின்றது? அதற்குக் காரணம் பதிவேடு. 1563-இல் ட்ரெண்ட் நகரில் முடிந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மாமன்றத்துக்குப் பிறகு ஒவ்வொரு பங்கிலும் ஞானஸ்நானம், திருமணம் எல்லாவற்றையும் புத்தகத்தில் எழுதி வைப்பது கட்டாயமானது. அதற்கு முன்னமே பல குடும்பப் பெயர்கள் இருந்தன என்றாலும், எழுத்தில் ஏறிய பிறகுதான் அவை அசையாமல் நின்றன. பெயர் ஒருமுறை மையில் ஏறிவிட்டால், மகன் தொழிலை மாற்றினாலும் பெயர் மாறாது. கார் ரசிகர்கள் கொண்டாடும் 'ஃபெராரி' என்ற பெயருக்குக் கொல்லர் வீட்டார் என்று அர்த்தம். இத்தாலியில் மிக அதிகமாகப் புழங்கும் பெயர்களில் அதுவும் ஒன்று. ஊருக்கு ஒரு கொல்லர் இருந்தார் அல்லவா, அதனால். ஆங்கிலேயரின் ஸ்மித், பிரெஞ்சுக்காரரின் லெஃபெவ்ர் எல்லாம் அதே கொல்லர்தான். என் பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சுப் பாடப்புத்தகத்தில் தச்சர், ரொட்டி சுடுபவர், சில்லறை வியாபாரி எல்லாரும் குடும்பப் பெயர்களாக வந்துபோவார்கள். கொல்லர் என்ற பெயரை வைத்துக்கொண்டு நீதிபதியாக உட்கார அங்கே யாரும் கூச்சப்பட்டதில்லை.

இந்தியாவிலும் இப்படி ஒரு சமூகம் உண்டு. பார்சிகள். வெள்ளைக்காரர் ஆட்சியில் குடும்பப் பெயர் தேவைப்பட்டபோது அவர்களில் பலர் செய்த தொழிலையே பெயராக வைத்துக்கொண்டார்கள். கான்ட்ராக்டர், டாக்டர், வக்கீல், தாருவாலா என்று போகும் அந்தப் பட்டியல். 1967 ஜனவரியில் சேப்பாக்கத்தில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக முதல் நாள் சாப்பாட்டு வேளைக்கு முன்னால் 94 ரன் அடித்த ஃபரூக் எஞ்சினியரை மறந்திருக்க மாட்டீர்கள். பெயர் எஞ்சினியர், அவருடைய அப்பாவோ டாக்டர். சென்னையிலேயே ராயபுரத்தில் 1910-இல் கட்டிய பார்சிக் கோயிலுக்குக் கிளப்வாலா குடும்பத்தின் பெயர்தான். சமூக சேவைக்குப் பெயர்போன மேரி கிளப்வாலா ஜாதவ் அந்தப் பெயரோடுதான் நமக்கெல்லாம் தெரிந்தவர்.

அந்தப் பார்சிகளிடமும் குஜராத்திகளிடமும் பரவலாக இருக்கும் 'மிஸ்திரி' என்ற குடும்பப் பெயர் நம் மேஸ்திரியேதான். அதே போர்ச்சுகீசிய மெஸ்த்ரெ மேற்குக் கடற்கரையில் இறங்கி மிஸ்திரி ஆயிற்று. கனடாவில் குடியேறிய நாவலாசிரியர் ரோஹின்டன் மிஸ்திரி, டாட்டா சன்ஸ் தலைவராக இருந்த சைரஸ் மிஸ்திரி எல்லாரும் அந்தப் பெயர்க்காரர்கள். சைரஸ் மிஸ்திரியின் குடும்ப நிறுவனம் 1865-இலிருந்து கட்டட வேலை செய்து வருவது. அவர்கள் விஷயத்தில் பெயரும் தொழிலும் ஒன்றை ஒன்று விடவேயில்லை.

சரி, தமிழர்களுக்குத் தொழிலைப் பெயரோடு சேர்க்கும் பழக்கமே இல்லையா? தாராளமாக இருந்தது, அதுவும் இத்தாலிக்காரர்களுக்கு ஆயிரம் வருஷம் முன்னால். சங்கப் புலவர்களின் பெயர்களைப் பாருங்கள். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார், ஜவுளி வியாபாரி. மதுரைக் கூலவாணிகன் சாத்தனார், தானிய வியாபாரி. உறையூர் மருத்துவன் தாமோதரனார், வைத்தியர். தங்கால் பொற்கொல்லன் வெண்ணாகனார், பொன் வேலை செய்தவர். ஊர், தொழில், பெயர் என்று மூன்று பத்தி. ஒரு நல்ல குமாஸ்தா பதிவேட்டில் எழுதியது மாதிரியே இருக்கும். மதுரைப் பெருங்கொல்லன் என்று ஒருவர் குறுந்தொகையில் இருக்கிறார். அவருக்கு ஊரும் தொழிலும் நின்றன, சொந்தப் பெயர் போய்விட்டது. இவரைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் அதைக் கட்டிய தலைமைத் தச்சரின் பெயர் இருக்கிறது: வீரசோழன் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன். அரசன் தன் பெயரையே பட்டமாகக் கொடுத்திருக்கிறான். தச்சரின் சொந்தப் பெயரும் கூடவே இருக்கிறது. அந்தக் காலத்து மேஸ்திரிக்குக் கல்லிலே இடம் கிடைத்தது.

ஆனால் இந்தப் பெயர்கள் எல்லாம் ஒரு தனி ஆளோடு நின்றன. சாத்தனாரின் பேரன் 'கூலவாணிகன்' என்ற பெயரை எடுத்துக்கொண்டு வைத்தியம் பார்க்கப் போகவில்லை. அப்பா பெயரின் முதலெழுத்தைப் போட்டுக்கொண்டு தன் பெயரைச் சொல்லும் இன்றைய நம் வழக்கத்திலும் குடும்பப் பெயர் என்ற ஒன்றுக்கு இடமில்லை. பிற்காலத்தில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. இத்தாலியில் கொல்லர் என்ற பெயர், தாத்தாவுக்குத் தாத்தா என்ன வேலை செய்தார் என்பதை மட்டும் சொன்னது. நம் ஊரில் தொழிலின் பெயர், இவர் பிறப்பால் யார், எங்கே உட்காரலாம், எங்கே உட்காரக்கூடாது என்பதைச் சொல்வதாகிவிட்டது. பேரன் படித்து ஆபீசர் ஆனாலும் அந்தப் பெயர் அவனை இழுத்துக் கீழே உட்கார வைக்கும். அப்படிப்பட்ட பெயரை யார் விரும்பிப் போட்டுக்கொள்வார்கள்? 1929 பிப்ரவரியில், செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாட்டில், பெயருக்குப் பின்னால் போடும் சாதிப் பட்டங்களை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். பெரியாரே 'நாயக்கர்' என்பதை விட்டார். நான் கையாண்ட பதிவேடுகளில், பழைய பக்கங்களில் பட்டம் நீண்டு கிடக்கும். பக்கம் புரளப் புரளப் பட்டம் உதிர்ந்து இனிஷியலும் பெயரும் மட்டும் மிஞ்சும். எந்தச் சரித்திரப் புத்தகத்தையும்விட அந்தப் பக்கங்கள் எனக்கு அதிகம் சொல்லிக் கொடுத்தன.

சட்டமே வந்து "உனக்கு ஒரு குடும்பப் பெயர் வைத்துக்கொள்" என்று சொன்னால் தமிழர்கள் என்ன செய்வார்கள்? இதற்கும் ஒரு நிஜ உதாரணம் இருக்கிறது, என் ஊரிலேயே. 1881 செப்டம்பர் 21-ஆம் தேதி பிரெஞ்சு அரசு ஒரு ஆணை வெளியிட்டது. பிரெஞ்சிந்தியாவைச் சேர்ந்த எவரும், எந்தச் சாதி, எந்த மதமானாலும், தங்கள் பரம்பரைச் சட்ட வழக்கத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தின் கீழ் வரலாம். ஒருமுறை துறந்தால் துறந்ததுதான், திரும்ப முடியாது. அதோடு ஒரு நிபந்தனை: ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்தெடுத்துப் பதிவு செய்ய வேண்டும்.

இந்த வரலாற்றில் முன்னே நிற்பவர் வக்கீல் பொன்னுத்தம்பி பிள்ளை. 1873-இல் ஐரோப்பியர் மாதிரி காலுறையும் பூட்ஸும் போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குள் நுழைந்ததற்காகத் தண்டிக்கப்பட்டவர். விடவில்லை. பாரிசில் இருந்த உச்ச நீதிமன்றம் வரை போய் ஜெயித்தார். ஆணை வந்ததும் துறந்து கையெழுத்திட்டவர் தேர்ந்தெடுத்த பெயர் 'லா போர்த்'. பிரெஞ்சில் வாசற்கதவு. பின்னால் வருகிறவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டவர் என்று அந்தப் பெயருக்குப் புதுச்சேரியில் விளக்கம் சொல்வார்கள். வக்கீல் என்ற பொருளிலேயே பிரெஞ்சில் குடும்பப் பெயர் இருக்கிறது. அவர் அதைத் தொடவில்லை. என் வகுப்பில் வருகைப் பதிவு வாசிக்கும்போது வந்த பெயர்களும் பெரும்பாலும் புனிதர்களின் பெயர்கள், ஞானஸ்நானப் பெயர்கள். தச்சர், கொல்லர், தையற்காரர் என்று பிரெஞ்சில் பெயர் வைத்துக்கொண்ட தமிழ்ப் பையன் ஒருவனும் எங்கள் வகுப்பில் இல்லை. பிறப்போடு ஒட்டியதை உதறத்தானே கையெழுத்துப் போட்டார்கள்? இன்னொரு பாஷையில் அதையே மறுபடி எழுதிக்கொள்வார்களா?

இப்போது டர்பனுக்கு வருவோம். 1860 அக்டோபரில் சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்ற கப்பல், நவம்பர் 16-ஆம் தேதி டர்பனில் சேர்ந்தது. கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தம் செய்துகொண்டு போனவர்கள். 1911 வரைக்கும் இப்படி ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் நேட்டாலுக்குப் போனார்கள். அவர்களில் பெரும்பகுதி சென்னையில் கப்பல் ஏறியவர்கள். நம் செங்கல்பட்டு, வட ஆற்காடு மாவட்டத்து ஜனங்கள் அதில் நிறைய. கப்பல் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் முதலில் ஒரு எண். பிறகு பெயர், அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம். குடும்பப் பெயர் என்ற பத்தி கிடையாது. அவர்களுக்கும் அது தேவைப்படவில்லை.

அங்கே தங்கிப் பிள்ளை குட்டிகள் ஆனபோது, வெள்ளைக்காரர் பதிவேடுகள் குடும்பப் பெயர் கேட்டன. சிலருக்குச் சாதிப் பட்டம் பெயராயிற்று. சிலருக்கு அப்பாவின் பெயரோ தாத்தாவின் பெயரோ அப்படியே நின்றுவிட்டது. பெருமாள், முனுசாமி எல்லாம் அங்கே வம்சப் பெயர்கள். கரீபியன் கடலில் பிரெஞ்சுக்காரர் வசமிருந்த குவாதலூப் தீவிலும் இதே கதைதான். கூலிகளாகப் போனவர்களின் பிள்ளைகளுக்கு ஓட்டுரிமை வேண்டும் என்று 1904-இலிருந்து 1923 வரை வழக்காடிய ஹென்றி சிதம்பரம் என்பவரின் குடும்பப் பெயர், ஒரு தனி மனிதரின் பெயர் வம்சத்துக்கு இறங்கியதுதான்.

இப்படிப் பட்டமும் அப்பா பெயரும் நிரம்பிய அந்தப் பதிவேடுகளில், மிகச் சில தமிழ், தெலுங்குக் குடும்பங்களுக்கு நின்ற பெயர் மேஸ்திரி. நேட்டால் தோட்டங்களில் தலையாளுக்கு 'சர்தார்' என்று பெயர். மேஸ்திரி என்பது தென்னிந்தியாவிலிருந்து கூடவே போன சொல். அது எனக்கு ஏன் பெரிதாகப் படுகிறது என்றால், மேஸ்திரி சாதிப் பெயரும் அல்ல, அப்பா பெயரும் அல்ல. யாரும் மேஸ்திரியாகப் பிறப்பதில்லை. சித்தாளாகச் செங்கல் சுமந்து, கலவை குழைத்து, கரண்டி பிடித்துக் கொத்தனாராகி, பத்துப் பேரை வைத்து வேலை வாங்கத் தெரிந்த பிறகுதான் ஊர் ஒருவரை மேஸ்திரி என்கிறது. கையால் சம்பாதித்த பட்டம். அந்தச் சொல்லுக்குக் கறையே கிடையாது என்று சொல்ல மாட்டேன். பர்மாவுக்கு ஆள் பிடித்த மேஸ்திரிகள் முன்பணம் கொடுத்து ஏழைகளைக் கடனில் கட்டிப்போட்டது பழைய அறிக்கைகளில் நிறைய இருக்கிறது. ஆனால் அந்தக் கெட்ட மேஸ்திரியும் பிறப்பால் மேஸ்திரி ஆனவர் அல்ல. தொழிற்பெயர் என்றாலே கூச்சம் பழகிப்போன நம் பக்கத்தில், யாரும் கூச்சமில்லாமல் எடுத்துக்கொள்ளக்கூடிய தொழிற்பெயர் ஒன்று இருந்தது. கடல் தாண்டிப் போன கொஞ்சம் பேருக்குத்தான் அது பெயராக வாய்த்தது.

இங்கே இருந்த மேஸ்திரிகளுக்கு என்ன ஆயிற்று? அறுபதுகளில் அம்பத்தூரில் தொழிற்பேட்டை வந்தது. ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை வந்தது. ஏரிக்கரையும் வயலுமாக இருந்த இடமெல்லாம் மனை ஆயிற்று. நாமெல்லாம் லோன் போட்டு, நகையை வைத்து, கால் கிரவுண்டும் அரை கிரவுண்டுமாக வாங்கி வீடு கட்டினோம். இன்றைக்கு நிற்கும் அந்த வீடுகளில் முக்கால்வாசி மேஸ்திரிகள் கட்டியவை. வரைபடம் போட்டவர் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போவார். கடைக்கால் எவ்வளவு ஆழம், இந்தக் களிமண்ணுக்கு எது தாங்கும், மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதெல்லாம் மேஸ்திரியின் தலைக்குள் இருந்தது. தூக்குக்குண்டு, மூலைமட்டம், ரசமட்டம், ஒரு நூல்கண்டு. அவ்வளவுதான் அவர் கருவிகள்.

நான் எண்பதுகளில் அரசின் வீடு கட்டும் முன்பணம் வாங்கித்தான் வீடு கட்டினேன். அந்தக் கோப்பு இன்னும் என்னிடம் இருக்கிறது. குமாஸ்தா புத்தி, காகிதத்தைத் தூக்கி எறிய மனசு வராது. மனையை விற்றவர் பெயர், அவருக்கு விற்றவர் பெயர், இரண்டு சாட்சிகள், பத்திரம் எழுதியவர், வில்லங்கச் சான்று கொடுத்தவர், வரைபடத்தில் கையெழுத்திட்டவர், அனுமதி கொடுத்தவர், ஜாமீன் நின்ற இரண்டு சக ஊழியர்கள், பேஸ்மட்டம் வந்தது, லிண்டல் வந்தது, தளம் போட்டாயிற்று என்று சான்றிதழ் தந்தவர் என்று ஒரு வீட்டுக்கு இருபது பேருக்கு மேல் பெயரோடு இருக்கிறார்கள். கட்டியவருக்கு மட்டும் எந்தப் படிவத்திலும் ஒரு கட்டம் கிடையாது. சனிக்கிழமைக் கூலி எழுதிய நோட்டிலும் சித்தாள் இத்தனை பேர், கொத்தனார் இத்தனை பேர், அப்புறம் 'மேஸ்திரி'. எங்கள் தெருவில் வீடு கட்டிய எல்லாருடைய நோட்டிலும் இதே மாதிரிதான். அது மரியாதைக் குறைவு அல்ல, மரியாதையால் வந்தது. பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்றுதான் எல்லாரும் மேஸ்திரி என்றோம். வீட்டுக்காரர் அப்படிக் கூப்பிட்டார், சித்தாள் அப்படிக் கூப்பிட்டாள், டீக்கடைக்காரரும் அப்படித்தான். கிரகப்பிரவேசத்தன்று வேட்டி, துண்டு, வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுத்தபோதும் "மேஸ்திரி, வாங்க" என்றுதான்.

அந்த மரியாதைச் சொல் அவருடைய சொந்தப் பெயரை மூடிவிட்டது. டர்பனில் தொழில் போய்ப் பெயர் நின்றது. அம்பத்தூரில் தொழில் நின்றது, பெயர் போய்விட்டது. மதுரைப் பெருங்கொல்லனுக்கு நேர்ந்ததுதான் இங்கேயும் நேர்ந்தது. அவருக்காவது குறுந்தொகையில் ஒரு பாட்டு நிற்கிறது.

இதையெல்லாம் எழுதத் தூண்டியது வெளிநாட்டுப் படிவங்கள்தான். நம் பேரப்பிள்ளைகள் அமெரிக்காவுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ போனால் 'குடும்பப் பெயர்' என்ற கட்டத்தில் அப்பாவின் பெயரைப் போடுகிறார்கள். அங்கேயே தங்கிவிட்டால் அந்த அப்பா பெயர் வம்சப் பெயராகிவிடும். நூறு வருஷம் கழித்து யாரோ ஒரு டாக்டரம்மாவின் பெயருக்குப் பின்னால் ஒரு சுப்பிரமணியோ ஏழுமலையோ நின்றுகொண்டிருப்பார். குவாதலூப் சிதம்பரம் மாதிரி. பெயர் கேட்கிற படிவம் எதிரில் வந்துவிட்டதால் நம் பெயர்கள் பிழைத்துக்கொள்ளும். மேஸ்திரியிடம் இதுவரை எந்தப் படிவமும் பெயர் கேட்கவில்லை.

இப்போது அந்த வீடுகள் ஒவ்வொன்றாக இடிபடுகின்றன. அம்பத்தூரில் எங்கள் பகுதியில் மட்டும் இந்த வருஷம் மூன்று வீடு போய் அடுக்குமாடி வந்துவிட்டது. இடிக்கிறவர்கள் பழைய சுவரைத் தட்டிப் பார்த்து, "யார் கட்டினது சார், உடைய மாட்டேங்குதே" என்று கேட்கிறார்கள். உங்களுக்குப் பதில் தெரிந்திருந்தால், வீட்டுப் பத்திரத்தோடு ஒரு காகிதத்தில் அந்தப் பெயரை எழுதி வையுங்கள். ஊர் பேரும் சேர்த்து எழுதுங்கள், சங்கப் புலவர்களுக்கு எழுதிய மாதிரி. இன்ன ஊர், மேஸ்திரி, இன்னார் என்று மூன்று பத்தி போதும்.